“தப்புதான், ஆனா…”: திருமணத்துக்கு முந்தைய உறவில் வன்முறையும் இளையோரின் மனப்பாங்கும்

பெங்களூரு பி.டி.எம். லேஅவுட்டில் நான் குடியிருக்கும் தெருவில் பெண்களுக்கான பிஜி விடுதிகள் நான்கைந்து உள்ளன. அவற்றில் ஒன்றில் தங்கி, வெளிவட்டச் சாலையில் இருக்கும் ஒரு மென்பொருள் அலுவலகத்துக்குப் போய்வரும் ஈரோட்டுப் பெண் ஒருத்தி சில ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்குக் காபி குடிக்க வருவாள். அவளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டு, அவள் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். அவள் காதலிக்கும் இளைஞனும் இதே ஊரில்தான் வேலை பார்க்கிறான். தினமும் காலை 10 மணிக்கு அவள் அவனுக்கு வாட்ஸ்அப்பில் ‘லைவ் லொகேஷன்’ போட்டுவிட வேண்டும். அந்த வசதி 15 நிமிடம், 1 மணி நேரம், 8 மணி நேரம் என்ற மூன்று அளவுகளில்தான் கிடைக்கிறது. 8 மணி நேரத்தைத் தேர்ந்தெடுத்தால் மாலை 6 மணிக்கு அது தானாக அணைந்துவிடும். அந்த நேரத்தில் அவள் கூட்டத்தில் இருந்தாலும், அலுவலக வண்டிக்கு வரிசையில் நின்றாலும், கைப்பேசியை எடுத்து மறுபடி போட்டுவிட வேண்டும். பத்து நிமிடம் தாமதமானால் அழைப்பு வரும். ஒருநாள் மறந்துவிட்டாள். அன்று இரவு விடுதி வாசலில் வைத்து அவன் அவள் கன்னத்தில் அறைந்தான். பிறகு அவனே அழுதான்; அவளுக்குப் பிடித்த கடையில் சாப்பாடு வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனான்.

இதை என்னிடம் சொன்னபோது அவள் கடைசியாகச் சொன்னது: “அவன் கொஞ்சம் பொசஸிவ்ங்க அக்கா, அவ்வளவுதான். அடிச்சது தப்புதான், ஆனா நானும் மறந்திருக்கக் கூடாதில்லைங்களா?”

இந்தக் கட்டுரை அந்த ‘ஆனா’ என்ற ஒரு சொல்லைப் பற்றியது. காதலிப்பவரையோ நிச்சயிக்கப்பட்டவரையோ அடிப்பது சரியா என்று இளைஞர்களிடம் கேட்டால், ஏறக்குறைய எல்லோரும் தவறு என்றே சொல்வார்கள். அவர்கள் பொய் சொல்வதில்லை. ஆனால் அவர்களுடைய உண்மையான மனப்பாங்கு ‘தப்புதான்’ என்பதில் இல்லாமல், அதற்கு அடுத்து வரும் பாதி வாக்கியத்தில் இருக்கிறது. அந்தப் பாதியைக் கேட்கப் பழகிக்கொண்டால் இந்தப் பொருளைப் பற்றிய ஆய்வுகளும் சட்டங்களும் எளிதில் விளங்கும் என்பது என் எண்ணம்.

பெயரிலிருந்தே சிக்கல் தொடங்குகிறது

ஆய்வாளர்கள் இதை ‘நெருங்கிய துணைவர் வன்முறை’ என்று அழைக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வரையறைப்படி, ஒருவருடைய இப்போதைய துணையோ முன்னாள் துணையோ அவருக்கு உடலளவிலும் பாலியல் அளவிலும் மனதளவிலும் தீங்கு விளைவிக்கும் நடத்தை எல்லாம் இதில் அடங்கும்; அடிப்பது, வற்புறுத்தி உறவு கொள்வது, இழிவுபடுத்துவது ஆகியவற்றோடு, ஒருவரைக் கட்டுப்பாட்டுக்குள் வைத்துக்கொள்ளும் நடத்தைகளையும் அது சேர்த்தே சொல்கிறது. துணை என்பவர் கணவராகவோ மனைவியாகவோதான் இருக்க வேண்டும் என்று அந்த வரையறை சொல்வதில்லை.

நாம் அன்றாடம் புழங்கும் சொல்லோ ‘குடும்ப வன்முறை’. அதில் குடும்பம் என்ற சொல் முன்னால் நிற்கிறது. தாலி, மாமியார், வரதட்சணை, சமையலறை ஆகியவை அந்தச் சொல்லோடு சேர்ந்தே நினைவுக்கு வருகின்றன. இருபத்து நான்கு வயதில் பிஜி விடுதியில் தங்கிச் சொந்தமாகச் சம்பாதிக்கும் ஒரு பெண்ணுக்கு அந்தச் சொல் தன்னைப் பற்றியது என்று தோன்றுவதே இல்லை. அது அம்மாவுக்கும் சித்திக்கும் நடந்த ஒன்றாகத்தான் தெரிகிறது. தனக்கு நடப்பதைச் சொல்ல அவளிடம் இருக்கும் சொற்கள் வேறு: பொசஸிவ், டென்ஷன் பார்ட்டி, கோபக்காரன், ‘கை நீட்டிட்டான்’. இவற்றுள் எதுவும் வன்முறையைச் சொல்லும் சொல் அன்று. முதல் மூன்றும் குணத்தைச் சொல்கின்றன. கடைசிச் சொல் நடந்ததைக் கை செய்த வேலையாகவே சொல்லி முடித்துவிடுகிறது.

மனப்பாங்கு என்றால் என்ன?

ஒரு செயலைப் பற்றி ஒருவர் மனதில் நிலையாக இருக்கும் மதிப்பீட்டை மனப்பாங்கு என்று சொல்லலாம். அது நடத்தையிலிருந்து வேறானது. அடிப்பது நியாயம் என்று நினைப்பவர்கள் எல்லோரும் அடிப்பதில்லை. தவறு என்று சொல்பவர்கள் எல்லோரும் அடிக்காமல் இருப்பதும் இல்லை. ஆயினும் வன்முறையை நியாயப்படுத்தும் எண்ணம் பரவலாக இருக்கும் இடங்களில் வன்முறையும் கூடுதலாக இருக்கிறது என்பதையும், அதை நியாயம் என்று கருதும் பெண்கள் அது தமக்கு நேரும்போது உதவி தேடுவது குறைவு என்பதையும் பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

இந்த மனப்பாங்கு ஒரே நிறம் கொண்டதன்று. ‘அடித்தால்தான் திருந்துவாள்’ என்று வெளிப்படையாகச் சொல்பவர்கள் படித்த இளைஞர்களிடையே இன்று குறைவு. அதைவிட மிகுதியாக இருப்பது சாக்குச் சொல்லும் மனம்: குடித்திருந்தான், அலுவலகத்தில் நெருக்கடி, அவளும் வாயை மூடியிருக்கலாம். அடுத்தது பொறுத்துக்கொள்ளும் மனம்: ‘கல்யாணம் ஆனா சரியாயிடும்’. இவை எல்லாவற்றையும்விட ஆழத்தில் இருப்பது நடந்ததை வன்முறையாகப் பார்க்கவே பார்க்காத மனம். கடவுச்சொல்லைக் கேட்பது, எந்த நண்பரோடு பேசலாம் என்று முடிவு செய்வது, சம்பளம் வந்ததும் பாதியைத் தன் கணக்குக்கு அனுப்பச் சொல்வது ஆகியவை பலருக்கு அன்பின் பகுதியாகவே தோன்றுகின்றன. நம் ஊர்ப் பிள்ளைகளிடம் மிகவும் கவலைப்பட வேண்டியது இந்தக் கடைசி வகையைப் பற்றித்தான் என்று நினைக்கிறேன். ஏனென்றால், ‘அடிப்பது தவறா?’ என்ற கேள்வி இதைத் தொடுவதே இல்லை.

எண்களை எப்படிப் படிப்பது?

இந்தியாவில் இந்த மனப்பாங்கை அளக்கும் பெரிய முயற்சி தேசிய குடும்ப நல ஆய்வு. 15 முதல் 49 வயது வரையுள்ளவர்களிடம் அது ஏழு சூழ்நிலைகளைச் சொல்லி, இவற்றில் எதற்காவது கணவன் மனைவியை அடிப்பது நியாயமா என்று கேட்கிறது. அவனிடம் சொல்லாமல் வெளியே போவது, வீட்டையோ குழந்தைகளையோ கவனிக்காமல் விடுவது, எதிர்த்துப் பேசுவது, உடலுறவுக்கு மறுப்பது, சரியாகச் சமைக்காதது, அவளுக்கு வேறு தொடர்பு இருக்கிறதோ என்று அவன் சந்தேகப்படுவது, மாமனார் மாமியாரை மதிக்காதது ஆகியவையே அந்த ஏழு. 2019–21 ஆய்வில், இவற்றுள் ஒன்றுக்காவது அடிக்கலாம் என்று சொன்ன பெண்கள் 45 விழுக்காடு. ஆண்கள் 44 விழுக்காடு. 2015–16 ஆய்வில் பெண்கள் 52 விழுக்காடாகவும் ஆண்கள் 42 விழுக்காடாகவும் இருந்தார்கள். அதாவது பெண்களின் எண்ணம் நகர்ந்திருக்கிறது. ஆண்களின் எண்ணம் நகரவில்லை, சற்றே பின்வாங்கியிருக்கிறது என்றுகூடச் சொல்லலாம்.

பெங்களூரு இருக்கும் கர்நாடகத்தின் எண்கள் இன்னும் கசப்பானவை. 2019–21 ஆய்வில் அங்கே 76.9 விழுக்காடு பெண்களும் 81.9 விழுக்காடு ஆண்களும் ஏதாவது ஒரு காரணத்துக்கு அடிப்பதை ஒப்புக்கொண்டார்கள். கணவனிடமிருந்து உடல் அல்லது பாலியல் வன்முறையை அனுபவித்ததாகச் சொன்ன, 18 முதல் 49 வயது வரையுள்ள மணமான பெண்களின் பங்கு கர்நாடகத்தில் 44.4 விழுக்காடு, தமிழ்நாட்டில் 38.1 விழுக்காடு, இந்திய அளவில் 29.3 விழுக்காடு.

இந்த எண்களைப் பார்த்ததும், இது படிக்காதவர்களைப் பற்றியது, கிராமத்தைப் பற்றியது என்று ஒதுக்கிவிடும் பழக்கம் ஐ.டி. வேலையில் இருக்கும் நம்மவர்களிடம் உண்டு. படிப்பு கூடக்கூட இந்த ஒப்புதல் குறைகிறது என்பது உண்மை. ஆனால் அது மறைந்துபோவதில்லை. மேலும், கேள்வி கேட்கப்படும் விதமும் விடையை மாற்றுகிறது. படித்தவர்களுக்கு எது ‘சரியான விடை’ என்று தெரியும். அதனால்தான் பல ஆய்வாளர்கள் நேரடிக் கேள்விக்குப் பதிலாக ஒரு சிறு கதையைச் சொல்லி, ‘இதில் யார் மீது தவறு?’ என்று கேட்கிறார்கள். அப்படிக் கேட்கும்போது பழியில் ஒரு பங்கு அடிபட்டவள் பக்கம் எவ்வளவு எளிதாகப் போய்ச் சேருகிறது என்பது தெரியவரும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்த ஏழு கேள்விகளும் கணவன் மனைவியைப் பற்றியவை. துணைவர் வன்முறையின் அனுபவத்தைப் பற்றி மேலே சொன்ன எண்களும் மணமானவர்களிடம் கேட்டுப் பெற்றவை. காதலர்களைப் பற்றியும் நிச்சயிக்கப்பட்டவர்களைப் பற்றியும் இவ்வளவு பெரிய அளவில் தொடர்ச்சியாக எண்ணிப் பார்க்கும் கணக்கு நம்மிடம் இல்லை. 2006–07இல் தமிழ்நாடு உள்ளிட்ட ஆறு மாநிலங்களில் இளைஞர்களிடம் நடத்தப்பட்ட ஒரு பெரிய ஆய்வு திருமணத்துக்கு முந்தைய காதல் உறவுகளைப் பற்றி வெளிப்படையாகக் கேட்டது. அத்தகைய முயற்சிகள் அரிது. உலக அளவில், துணை இருந்த 15–19 வயதுப் பெண்களுள் ஏறக்குறைய நால்வரில் ஒருவர் துணைவரிடமிருந்து உடல் அல்லது பாலியல் வன்முறையைச் சந்தித்திருக்கிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட மதிப்பீடு சொல்கிறது. இளமையிலேயே தொடங்கிவிடும் ஒன்று இது என்பதை அந்த எண் காட்டுகிறது.

எங்கிருந்து வருகிறது இந்த ‘ஆனா’?

‘அடிக்கிற கைதான் அணைக்கும்’ என்ற பழமொழியைக் கேட்காமல் வளர்ந்த தமிழ்ப் பிள்ளை இருக்க முடியாது. அது பெரும்பாலும் பெற்றோரையும் ஆசிரியரையும் பற்றிச் சொல்லப்படுவது. ஆனால் அடியும் அணைப்பும் ஒரே கையிலிருந்து வரும் என்பதையும், முதலாவது இரண்டாவதற்குச் சான்று என்பதையும் ஐந்து வயதிலேயே கற்றுக்கொண்ட மனம், இருபத்தைந்து வயதில் காதலன் அறைந்துவிட்டு அழும்போது அந்தப் பாடத்தையே திரும்பப் படிக்கிறது. அடித்தவன் அணைக்கவும் செய்தால் கணக்கு நேராகிவிட்டதாக அந்த மனத்துக்குத் தோன்றுகிறது. ‘அடியாத மாடு படியாது’ என்பதில் மாட்டைப் பற்றிய அக்கறை எவ்வளவு இருந்ததோ எனக்குத் தெரியாது. நான் அதை மனிதர்களைப் பற்றிச் சொல்லித்தான் கேட்டிருக்கிறேன்.

உளவியலாளர் ஆல்பர்ட் பாண்டுரா 1961இல் நடத்திய புகழ்பெற்ற பொம்மைச் சோதனையில், பெரியவர் ஒருவர் காற்றடைத்த பொம்மையை அடிப்பதைப் பார்த்த குழந்தைகள் பின்பு தாமும் அதையே செய்தார்கள். வீட்டில் பார்த்ததைப் பிள்ளைகள் கற்கிறார்கள் என்பது நமக்குப் புதிய செய்தி இல்லை. ஆனால் அவர்கள் கற்பது அடிப்பதை மட்டும் அன்று. அடித்த பிறகு யார் சமாதானம் பேசினார்கள், அம்மா யாரிடமும் சொல்லாமல் முகத்தைக் கழுவிக்கொண்டு எப்படிச் சமைக்கப் போனாள், பாட்டி எந்தப் பக்கம் நின்றாள் என்பவை எல்லாம் சேர்ந்தே மனதில் பதிகின்றன. இந்தப் பின்பகுதிதான் பின்னாளில் ‘ஆனா’ ஆகிறது.

சினிமாவைப் பற்றி எல்லோரும் பேசிவிட்டதால் சுருக்கமாகச் சொல்கிறேன். மறுக்கும் பெண்ணைத் தெருத்தெருவாகத் தொடர்ந்து போய் மனம் மாற்றுவதைக் காதல் என்று காட்டிய படங்களைப் பார்த்தே இரண்டு மூன்று தலைமுறைகள் காதலிக்கக் கற்றிருக்கின்றன.

நண்பர்கள் வட்டத்தின் பங்கு இதைவிட நுட்பமானது. சமூக நெறிகளை ஆராய்பவர்கள் இரண்டு வகை எதிர்பார்ப்புகளைப் பிரித்துச் சொல்வார்கள்: மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று நான் நினைப்பது ஒன்று, நான் என்ன செய்ய வேண்டும் என்று மற்றவர்கள் எதிர்பார்ப்பதாக நான் நினைப்பது இன்னொன்று. ஓர் இளைஞனுக்குத் தன் காதலியின் கைப்பேசியைப் பார்ப்பதில் தனிப்பட்ட விருப்பமே இல்லாமல் இருக்கலாம். ஆனால் அறை நண்பர்கள் எல்லோரும் பார்க்கிறார்கள், பார்க்காவிட்டால் தன்னை ஏமாளி என்பார்கள் என்று அவன் நம்பினால், அவனும் பார்ப்பான். அந்த அறையில் ஐந்து பேரும் மனதுக்குள் அதை விரும்பாமல், மற்ற நால்வருக்காகச் செய்துகொண்டிருப்பதும் நடக்கக்கூடியதே.

திருமணத்துக்கு முன் என்பதில் என்ன வேறுபாடு?

இங்கேதான் நான் சற்று நின்று பேச விரும்புகிறேன். மணமான பெண் அடிபட்டால் அம்மா வீட்டுக்குப் போகலாம். பெரியவர்கள் கூடிப் பேசுவார்கள். அந்தப் பேச்சு பெரும்பாலும் ‘அனுசரிச்சுப் போம்மா’ என்றே முடியும் என்றாலும், நடந்தது நடந்ததாக நாலு பேருக்குத் தெரியும். காதலிக்கும் பெண்ணுக்கு அதுவும் இல்லை. வீட்டுக்குத் தெரியாத உறவில் நடப்பதை வீட்டில் சொல்ல முடியாது. சொன்னால் முதலில் வரும் கேள்வி அடியைப் பற்றியதாக இருக்காது. ‘எவன் அவன், என்ன ஆளு?’ என்பதாகத்தான் இருக்கும். சாதி மாறிய காதலாக இருந்தால், காதலனின் கையைவிட வீட்டாரின் கை அவளுக்குக் கூடுதல் அச்சம் தருவதாக இருக்கலாம். அந்த அச்சம் வெறும் கற்பனை இல்லை என்பதைத் தமிழ்நாட்டின் ஆணவக் கொலைகள் சொல்லும். வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வரச் சொல்வார்கள், அவசரமாக மாப்பிள்ளை பார்ப்பார்கள், பெங்களூரு வாழ்க்கையே முடிந்துபோகும் என்பதும் அவளுக்குத் தெரியும்.

இதை அவளைப் போலவே அவனும் அறிவான். ‘உங்க அப்பாவுக்கு ஒரு ஃபோன் போடட்டுமா?’ என்ற ஒரு வாக்கியம் கையை ஓங்காமலே எல்லாவற்றையும் சாதித்துவிடும். ரகசியமே அவன் கையில் ஆயுதமாகிறது. அதோடு அவனிடம் அவளுடைய படங்களும் இருந்துவிட்டால் அந்த ஆயுதத்துக்கு இரண்டு முனை. எனவே, ‘படித்தவள், சம்பாதிக்கிறாள், ஏன் விட்டுவிட்டு வரவில்லை?’ என்று கேட்பவர்கள், அவள் வர வேண்டிய வீட்டின் கதவு எப்படி இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பிள்ளைகளின் காதலை வெறுக்கும் வீடு, அந்தக் காதலில் நடக்கும் வன்முறைக்குத் தெரியாமலேயே காவல் நிற்கிறது. பெற்றோராக இருக்கும் வாசகர்களிடம் இதை நேராகவே சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

சேர்ந்து வாழ்பவர்களுக்கு இந்த ஊரில் இன்னொரு கட்டு உண்டு. பெங்களூரில் வீட்டுக்கு முன்பணமாகப் பல மாத வாடகையைக் கட்ட வேண்டும். பத்து மாத வாடகை கேட்ட காலமும் உண்டு. ஒப்பந்தம் அவன் பெயரில் இருக்கும், முன்பணத்தில் பாதி அவளுடைய சேமிப்பாக இருக்கும். கோபித்துக்கொண்டு வெளியேறினால் அந்தப் பணத்தைக் கேட்க அவளிடம் ஒரு தாள்கூட இருக்காது. அவன் வண்டிக்காக அவள் பெயரில் எடுத்த கடனும், அம்மா கொடுத்த சங்கிலியை வைத்து வாங்கிய நகைக்கடனும் இதே வகை. பணத்தால் கட்டிப்போடுவதும் வன்முறையின் ஒரு வடிவம்தான் என்பதை நம் சட்டமே ஏற்றிருக்கிறது.

நிச்சயதார்த்தத்துக்கும் முகூர்த்தத்துக்கும் இடைப்பட்ட மாதங்களைப் பற்றி ஏனோ யாரும் பேசுவதில்லை. இது வீட்டார் ஏற்பாடு செய்த உறவு என்பதால் பாதுகாப்பானது என்று எல்லோரும் நம்புகிறார்கள். ஆனால் ‘அந்த டிரெஸ் போடாதே’, ‘அந்த டீம் லீடரோட ஏன் லஞ்ச்?’ என்பவை தொடங்குவது பெரும்பாலும் அப்போதுதான். பெண் தயங்கித் தயங்கி வீட்டில் சொல்லும்போது மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டிருக்கும், பத்திரிகை அடித்தாகிவிட்டிருக்கும். ‘உரிமையோடதானே சொல்றாரு’ என்ற பதிலில் அவள் வாய் அடைபடும். மண்டபத்தின் முன்பணத்தையும் மகளின் பயத்தையும் ஒரே தராசில் வைக்கிறோம் என்று அந்த நேரத்தில் வீட்டில் யாருக்கும் தோன்றுவதில்லை.

அடிக்கு அப்பால்

ஆராய்ச்சியிலும் பார்வை அடியை எண்ணுவதிலிருந்து கட்டுப்பாட்டைக் கவனிப்பதற்கு மெல்ல மாறியது. 1970களின் இறுதியில் உருவான அளவுகோல்கள் யார் யாரை எத்தனை முறை அடித்தார் என்று எண்ணின. அப்படி எண்ணியபோது இளம் காதலர்களிடையே பெண்களும் ஆண்களை அடிப்பது கணிசமாகத் தெரியவந்தது. அதை மறைக்கத் தேவையில்லை. அடிபடும் ஆண்கள் இருக்கிறார்கள், ‘பொண்ணுகிட்ட அடி வாங்கினியா?’ என்ற கேலிக்கு அஞ்சி வாய் திறக்காமல் இருக்கிறார்கள், அவர்களுடைய வலியும் உண்மைதான். ஒரே பாலினத்தவர் உறவிலும் இது நடக்கிறது. அங்கே ‘வீட்டில் சொல்லிவிடுவேன்’ என்ற மிரட்டலின் கூர்மை பன்மடங்கு. ஆனால் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் காயம், அச்சம், பாலியல் வன்முறை, உயிரிழப்பு ஆகியவற்றின் பெரும்பங்கு பெண்கள் மீதே விழுகிறது என்பது மறைந்துபோகும்.

அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தின் டுலுத் நகரில் 1980களில், அடிபட்ட பெண்களோடு பேசி உருவாக்கப்பட்ட ஒரு சக்கரப் படம் இதைத் தெளிவாக்கியது. உடல் வன்முறையும் பாலியல் வன்முறையும் அதன் வெளிவட்டத்தில் இருக்கும். மிரட்டல், தனிமைப்படுத்தல், பணக்கட்டுப்பாடு, பழியை மாற்றிப் போடுதல் ஆகியவை ஆரங்களாக உள்ளே இருக்கும். நடுவில் அதிகாரமும் கட்டுப்பாடும் இருக்கும். சமூகவியலாளர் எவான் ஸ்டார்க் இதையே ‘கட்டாயக் கட்டுப்பாடு’ என்ற கருத்தாக விரித்தார்: ஒருவருடைய நாளின் சிறுசிறு முடிவுகளை ஒவ்வொன்றாகப் பறித்து அவரது சுதந்திரத்தையே இல்லாமல் செய்வது. இங்கிலாந்தும் வேல்ஸும் 2015இல் இதைத் தனிக் குற்றமாகவே ஆக்கின.

அந்த ஈரோட்டுப் பெண்ணிடம் நான் இவை எதையும் விளக்கவில்லை. “நாளைக்கு 6 மணிக்கு நீ அதை மறுபடி போடாம விட்டா என்ன ஆகும்?” என்று மட்டும் கேட்டேன். சிரித்தாள். காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சற்று நேரம் இருந்தாள். “தெரியலைங்க அக்கா. போடாம இருந்ததில்ல. நெனச்சாலே வயிறு என்னமோ பண்ணுது” என்றாள். பொசஸிவ் என்ற சொல் அன்று அதற்குப் பிறகு அவள் வாயில் வரவில்லை. அக்கறைக்கும் கட்டுப்பாட்டுக்கும் இடையிலான கோட்டைத் தேடுபவர்களுக்கு இந்தக் கேள்வியைத்தான் நான் சிபாரிசு செய்வேன்: முடியாது என்று சொன்னால் என்ன ஆகும்? அக்கறை உள்ள உறவில் அதற்கு விடை ஒரு சின்ன மனத்தாங்கலாக இருக்கும்.

மாற்ற முடியுமா?

முடியும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. மும்பையில் சில ஆண்டுகளுக்கு முன், பள்ளி அணிகளின் கிரிக்கெட் பயிற்சியாளர்களைக் கொண்டே மாணவர்களிடம் பெண்களை மதிப்பது பற்றியும் வன்முறை பற்றியும் தொடர்ந்து பேசவைத்த ஒரு திட்டம் நடந்தது. பங்கேற்ற மாணவர்களின் எண்ணங்களில் நல்ல மாற்றம் தெரிந்தது. நடத்தையில் மாற்றம் அந்த அளவுக்குத் தெளிவாகத் தெரியவில்லை. எனக்கு இது நம்பிக்கை தரும் செய்திதான். மைதானத்தில் தினமும் பார்க்கிற, தான் மதிக்கிற ஓர் ஆண் சொல்வதற்குப் பையன்கள் காது கொடுக்கிறார்கள். மேடைப் பேச்சாளரைவிட அறை நண்பன் ‘டேய், அவ ஃபோனை வையிடா’ என்று சொல்வது வலுவானது.

சட்டம் எங்கே துணை நிற்கும்?

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005இல் இயற்றப்பட்டு 2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. உடல், பாலியல், சொல் மற்றும் மனம், பொருளாதாரம் ஆகிய எல்லா வகை வன்முறைகளையும் அது உள்ளடக்குகிறது. ‘திருமணத்தின் தன்மையிலான உறவு’ என்ற தொடரின் வழியாகச் சேர்ந்து வாழும் பெண்களுக்கும் அது பாதுகாப்புத் தருகிறது. ஆனால் எல்லாக் காதல் உறவும் அதில் வராது. கோவையிலிருந்து சென்ற வேலுசாமி எதிர் பச்சையம்மாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010இல் சொன்னபடி, இருவரும் மண வயது அடைந்தவர்களாகவும் சட்டப்படி மணம் செய்துகொள்ளத் தகுதி உள்ளவர்களாகவும் இருக்க வேண்டும். கணிசமான காலம் ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்ந்து, உலகத்தின் முன் கணவன் மனைவி போலவே நடந்துகொண்டிருக்க வேண்டும். வார இறுதியில் மட்டும் சந்திப்பவர்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது.

அதனால் தனித்தனி விடுதிகளில் இருக்கும் காதலர்களுக்குச் சட்டமே இல்லை என்று ஆகிவிடாது. காவல் நிலையத்தில் ‘கல்யாணமாகாம இதெல்லாம் என்ன?’ என்ற கேள்வியை என் பக்கத்து அறைத் தோழி ஒருத்தி பல ஆண்டுகளுக்கு முன் எதிர்கொண்டாள். அந்தக் கேள்விக்குச் சட்டத்தில் இடமே இல்லை. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில், அடித்துக் காயப்படுத்துவதும் மிரட்டுவதும் யார் செய்தாலும் குற்றம். அதன் 78ஆம் பிரிவின்படி, ஒரு பெண் விருப்பமில்லை என்று காட்டிய பிறகும் அவளைப் பின்தொடர்வதும், அவளுடைய இணையப் பயன்பாட்டையும் மின்னணுத் தொடர்புகளையும் கண்காணிப்பதும் குற்றம். முதல் முறைக்கு 3 ஆண்டுகள் வரையும் மறுமுறைக்கு 5 ஆண்டுகள் வரையும் சிறைத் தண்டனை உண்டு. சம்மதமில்லாத உறவு காதலன் செய்தாலும் வன்புணர்ச்சியே. உடலால் எதிர்க்கவில்லை என்பதைச் சம்மதமாகக் கொள்ளக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. சம்பவம் எந்த ஊரில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகாரைப் பதிவு செய்யலாம் என்பது வெளியூரிலிருந்து வந்து தங்கியிருப்பவர்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டிய ஒன்று.

உடனடி ஆபத்துக்கு 112, பெண்களுக்கான உதவிக்கு 181, படங்களை வைத்து மிரட்டுவது போன்ற இணையக் குற்றங்களுக்கு 1930, மனம் தளர்ந்திருக்கும்போது தமிழிலேயே பேச அரசின் தொலைபேசி மனநலச் சேவையான டெலி மானஸின் 14416 ஆகிய எண்கள் உள்ளன. ஆனால் பெரும்பாலானவர்கள் எண்ணை அழுத்தும் நிலைக்கு வருவதே இல்லை. தேசிய ஆய்வின்படி, உடல் அல்லது பாலியல் வன்முறையைச் சந்தித்த பெண்களுள் உதவி தேடியவர்கள் 14 விழுக்காடுதான். 77 விழுக்காட்டினர் உதவியும் தேடவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. ஆகவே யாராவது உங்களிடம் சொல்கிறார் என்றால், அவர் மிகச் சிலரில் ஒருவர். ‘உடனே விட்டுட்டு வா’ என்று கட்டளையிடுவதும், அவனை அழைத்துச் சண்டை போடுவதும் ஆபத்தைக் கூட்டலாம். பிரிந்து போகும் நேரமும் அதற்குப் பிந்தைய நாட்களும்தான் வன்முறை கடுமையாகும் காலம் என்பது இந்தத் துறையில் வேலை செய்பவர்கள் எல்லோரும் அறிந்தது. கேட்பதும் நம்புவதும் முதலில். பிறகு தேதி, நேரம், செய்திகளின் ஸ்கிரீன்ஷாட்கள், காயத்தின் படம் ஆகியவற்றை அவளுடைய கைப்பேசியில் இல்லாமல் வேறொரு நம்பகமான இடத்தில் சேமித்து வைக்கலாம். இரவில் கிளம்ப வேண்டி வந்தால் எங்கே போவது என்பதை முன்பே பேசி வைக்கலாம்.

அந்த ஈரோட்டுப் பெண்ணின் அறைத்தோழி இப்போது இதைச் செய்கிறாள். விடுதி வாசலில் அறை விழுந்த இரவின் தேதியும் நேரமும், சிவந்த கன்னத்தின் படமும் அவளிடம் இருக்கின்றன. எங்கள் வீட்டுச் சாவி ஒன்றும் அவர்களிடம் இருக்கிறது. லைவ் லொகேஷன் இன்னும் தினமும் 10 மணிக்குப் போடப்படுகிறது.